திரும்பி வாற வழி

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. எட்டரைக்கே பிள்ளைகள் வந்து குந்திவிட்டார்கள். மூன்றாம் மாடியில் இருக்கிற பதினெட்டு கம்ப்யூட்டர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். பதினெட்டிலும் கீழ் மூலையில் அதே மஞ்சள் முக்கோணம். முன்வரிசையில் இருந்த பையன் எங்களைத் திரும்பிப் பார்த்து, "நேத்து நல்லா தானே இருந்திச்சு அண்ணே. நீங்க கை வச்ச பிறகு தான் இப்பிடி" என்றான்.

அவன் சொன்னதில் பிழை இல்லை. முதல்நாள் இரவு இரண்டு மணி வரைக்கும் அந்தக் கட்டிடத்தின் நெட்வேர்க்கில் கை வைத்தது நாங்கள்தான். "நாளைக்கு எல்லாம் பறக்கும் அங்கிள்" என்று காவலாளி அங்கிளிடம் சொல்லிவிட்டுப் போனதும் நாங்கள்தான்.

கொச்சிக்கடையில், அந்தோனியார் கோயில் மணி கேட்கிற தூரத்தில் இருக்கிறது அந்த நாலு மாடிக் கட்டிடம். கீழே ஒரு சின்ன அலுவலகம். சனிக்கிழமைகளில் அதன் வாசலில் ஒரு மேசை போட்டு, அக்கம்பக்கத்து ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்போம், கடிதம் எழுதிக் கொடுப்போம். முதலாம் மாடியில் வாசிகசாலை. மூன்றாம் மாடியில் சாதாரணதரமும் உயர்தரமும் படிக்கிற பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு. ஜம்பட்டா வீதிப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து வருகிற பிள்ளைகள். வீட்டில் ஒரே அறைக்குள் ஆறேழு பேர் இருப்பதால், இங்கே கிடைக்கிற மேசையும் மின்விசிறியும் இணையமும்தான் அவர்களுக்குப் படிக்கிற இடம்.

இந்தக் கட்டிடத்தின் நெட்வேர்க்கை யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. அது தன்பாட்டில் வளர்ந்தது. முதலில் அலுவலகத்துக்கு ஒரு ரவுட்டர். பிறகு மூன்றாம் மாடிக்கு ஒரு வயர். பிறகு வாசிகசாலைக்கு வைஃபை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, எங்கள் தெருமுனையிலேயே குண்டு வெடித்த பிறகு கமராக்கள் வந்தன. வாசலில், மாடிப்படியில், பின்பக்க ஒழுங்கையில். அந்த வருடம் ஜூன் 12 அன்று கோயில் திரும்பத் திறக்கப்பட்டபோது எங்கள் கட்டிடத்திலும் கமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் வயரையும் கொண்டுவந்து அதே சுவிட்சில்தான் சொருகினார்கள். எல்லாம் ஒரே நெட்வேர்க். கணக்குப் புத்தகம் இருக்கிற அலுவலகக் கம்ப்யூட்டர், பிள்ளைகளின் கம்ப்யூட்டர், வாசிகசாலைக்கு வருகிறவர்களின் ஃபோன், கமரா, எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பாயில் படுத்திருந்தன.

இரண்டு சம்பவங்கள் எங்களை உசுப்பின. ஒன்று, யாரோ வீட்டில் இருந்து பழைய வைஃபை ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சொருகி, அது தன்பாட்டுக்கு எல்லோருக்கும் பிழையான முகவரிகளை வழங்கி, இரண்டு நாட்கள் முழுக் கட்டிடமும் படுத்தது. மற்றது கொஞ்சம் பாரதூரமானது. வகுப்பில் ஒரு பிள்ளை விளையாட்டாக ஒரு இலக்கத்தை அடித்துப் பார்த்து, கமராப் பெட்டியின் பக்கத்தைத் திறந்துவிட்டது. கடவுச்சொல் மாற்றப்பட்டிருக்கவில்லை. மாடிப்படியில் யார் ஏறுகிறார்கள், கீழே கடிதம் எழுத யார் வந்து நிற்கிறார்கள், எல்லாம் வகுப்புத் திரையில் ஓடியது. பிள்ளையைத் திட்ட எங்களுக்கு வாய் வரவில்லை. கதவே போடாமல் வீடு கட்டியது பெரியவர்கள்.

ஆகவே பிரிப்பதென்று முடிவெடுத்தோம்.

*

இங்கே கொஞ்சம் விளக்கிச் சொல்லாவிட்டால் மேலே போக முடியாது. தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஒரு கம்ப்யூட்டரை வயரில் சொருகியதும் அதற்கு ஊர் தெரியாது, பெயர் தெரியாது, முகவரியும் இல்லை. அது செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, கத்துவது. "ஆராவது இருக்கிறீங்களா? எனக்கு ஒரு முகவரி தாங்கோ." தன்னுடைய முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 0.0.0.0 என்று போட்டு, எல்லோருக்கும் என்று அர்த்தப்படுகிற 255.255.255.255 என்ற முகவரிக்கு அனுப்பும். அந்தச் சத்தம் கேட்கிற சேவர், "இந்தா, இதை வச்சுக்கொள்" என்று ஒரு முகவரியை நீட்டும். கம்ப்யூட்டர் "சரி, அதையே தாங்கோ" என்று கேட்கும். சேவர் "தந்தாச்சு, இத்தனை மணித்தியாலத்துக்கு உன்னுடையது" என்று உறுதிப்படுத்தும். டிஸ்கவர், ஒஃபர், ரிக்வெஸ்ட், அக். இந்த நாலு பேச்சும்தான் டிஎச்சிபி. 1993இல் அமெரிக்காவின் பக்நெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் ட்ரோம்ஸ் எழுதி வைத்த ஒழுங்கு. இன்றைக்கு உலகில் எந்தத் தேநீர்க்கடையில் வைஃபை பிடித்தாலும் இந்த நாலு பேச்சும் நடக்கும்.

ஆனால் கத்துவதற்கு ஒரு எல்லை உண்டு. எங்கள் பக்கத்துத் தோட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு இது லேசாக விளங்கும். தோட்டத்துக்குள் ஒருத்தர் "தண்ணி வந்திட்டு!" என்று கத்தினால் பைப்படியில் இருந்து கடைசி வீடு வரைக்கும் கேட்கும். பெரிய வீதியைத் தாண்டிக் கேட்காது. நெட்வேர்க்கிலும் அப்படித்தான். ஒரு தோட்டத்துக்குள் போடுகிற சத்தம் அந்தத் தோட்டத்துக்குள்ளேயே நிற்கும்.

வீலான் என்பது ஒரே சுவிட்சுக்குள் பல தோட்டங்களை உண்டாக்குவது. வயர் ஒன்று, பெட்டி ஒன்று, ஆனால் உள்ளே மதில்கள். நாங்கள் நாலு தோட்டம் போட்டோம். 10 அலுவலகத்துக்கு, 20 வகுப்புக்கு, 30 வாசிகசாலை வைஃபைக்கு, 40 கமராக்களுக்கு. வகுப்பில் இருக்கிற பிள்ளை இனிமேல் என்ன இலக்கத்தை அடித்தாலும் கமராவுக்குப் போக முடியாதபடி இடையில் தடை எழுதலாம்.

மதில் கட்டியதும் ஒரு சிக்கல் வருகிறது. முகவரி கொடுக்கிற சேவர் அலுவலகத் தோட்டத்தில் இருக்கிறது. வகுப்புத் தோட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் "முகவரி தாங்கோ" என்று கத்தினால் மதிலைத் தாண்டிக் கேட்காது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு சேவர் வைக்கலாம், அல்லது சுவிட்சையே முகவரி கொடுக்கச் சொல்லலாம். எங்களுக்கு எல்லாம் ஒரே இடத்தில், ஒரே பதிவில் இருக்க வேண்டும். யாருக்கு எப்போது என்ன முகவரி போனது என்று ஒரே கோப்பில் பார்க்க வேண்டும். அதற்குத்தான் ரிலே.

ரிலே என்பவர் சந்தியில் நிற்கிற ஆள். வகுப்புத் தோட்டத்தின் வாசலில் சுவிட்சுக்கே ஒரு முகவரி இருக்கும். எங்கள் கட்டிடத்தில் அது 192.168.20.1. உள்ளே யாரும் கத்தினால் இவர் காதில் விழும். இவர் அந்தச் சத்தத்தை ஒரு கடிதமாக மடித்து, நேராகச் சேவரின் முகவரிக்கு அனுப்புவார். அனுப்ப முன்னர் ஒரு சின்ன வேலை செய்வார். கடிதத்தில் 'கியாடர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் தன்னுடைய முகவரியை எழுதுவார். "இது 20ஆம் தோட்டத்தில் இருந்து வந்த வேண்டுகோள், பதிலை என்னிடம் தாருங்கள், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்" என்று அர்த்தம். சேவர் அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் எந்தத் தோட்டத்து முகவரியை எடுத்துக் கொடுப்பது என்று முடிவெடுக்கும்.

இந்தக் கட்டம் டிஎச்சிபியை விடப் பழையது. 1985இல் பில் குரோஃப்டும் ஜோன் கில்மோரும் எழுதிய பூட்பி என்ற ஒழுங்கிலேயே இருக்கிறது. கத்துகிறவனுக்கும் கொடுக்கிறவனுக்கும் நடுவில் ஒரு மதில் இருக்கும், ஆகவே ஒரு மூன்றாமாள் தேவைப்படும் என்பதை அப்போதே யோசித்திருக்கிறார்கள்.

*

எங்கள் சுவிட்ச் புதிது இல்லை. 200 ரூபாய் மட்டில் இருந்த டொலர் 2022இல் 360 வரைக்கும் போன பிறகு, இந்த மாதிரிச் சாமான் புதிதாக வாங்குவதை நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை. ஒரு கம்பனி கழித்துவிட்ட இருபத்துநாலு போர்ட் சிஸ்கோ பெட்டி ஒன்று, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தெரிந்த ஒருவர் மூலம் வந்தது. விசிறிச் சத்தம் ஆட்டோ மாதிரி. ஆனால் தோட்டங்களுக்கு இடையில் கடிதம் கொண்டுபோகத் தெரிந்த சுவிட்ச். சேவர் என்று நாங்கள் மரியாதையாகச் சொல்வது, மானிட்டர் இல்லாத ஒரு பழைய கம்ப்யூட்டர். லினக்ஸ் போட்டு, டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன மென்பொருளை ஓட விட்டோம். அதன் முகவரி 192.168.10.5.

வெள்ளி இரவு வேலை நன்றாகத்தான் போனது. வீலான்களை உண்டாக்கினோம். ஒவ்வொன்றுக்கும் சுவிட்சில் ஒரு வாசல் முகவரி கொடுத்தோம். தோட்டங்களுக்கு இடையில் பாதை திறக்க 'ஐபி ரவுட்டிங்' என்று ஒரு வரி. பிறகு 20, 30, 40 மூன்றின் வாசல்களிலும் முக்கியமான அந்த ஒற்றை வரி, 'ஐபி ஹெல்ப்பர்-அட்ரெஸ் 192.168.10.5'. கத்துகிற ஆள் இருக்கிற பக்கத்து வாசலில்தான் இதை எழுத வேண்டும். முதலில் அவசரத்தில் சேவர் இருக்கிற 10இல் எழுதிவிட்டு, பத்து நிமிடம் தலையைச் சொறிந்தோம்.

பிறகு அலுவலகக் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தோம். உடனே முகவரி வந்தது, இணையமும் வந்தது. இரண்டு மணி. எல்லோருக்கும் நித்திரை. "வேலை செய்யுது, வாங்க போவம்" என்று மூடிவிட்டுப் போனோம். சேவர் இருக்கிற அதே தோட்டத்துக் கம்ப்யூட்டரைச் சோதித்துவிட்டு, ரிலே வேலை செய்கிறது என்று நினைத்தோம். பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்டுவிட்டு முழு ஊரும் சுகம் என்று எழுதியது போல.

*

சனிக்கிழமை காலை இரண்டாகப் பிரிந்தோம். பாதிப் பேர் மேலே சுவிட்சோடு, பாதிப் பேர் கீழே மேசையில். பிள்ளைகளுக்குத் தாளில் பயிற்சி கொடுத்து இருத்தினோம்.

மேலே வகுப்புக் கம்ப்யூட்டர்களில் 169.254 என்று தொடங்குகிற முகவரிகள் இருந்தன. அது யாரும் கொடுத்த முகவரி அல்ல. கத்திக் கத்திப் பார்த்து, பதில் வராமல், கம்ப்யூட்டர் தனக்குத் தானே வைத்துக்கொள்கிற முகவரி. அதை வைத்துக்கொண்டு வெளியே எங்கும் போக முடியாது.

சேவரின் பதிவைத் திறந்தோம். முதல் பிழை அங்கே எழுதியே இருந்தது. 192.168.20.1 வழியாக வந்த வேண்டுகோளுக்குக் கொடுக்க முகவரி வரிசை எதுவும் இல்லை என்றது. நாங்கள் வரிசை எழுதியிருந்தோம், சப்நெட் மாஸ்க்கை எழுதவில்லை. தான் நேரடியாக இருக்கிற தோட்டத்தின் அளவு டிஎன்எஸ்மாஸ்க்குக்குத் தானாகத் தெரியும். ரிலே வழியாக வருகிற தோட்டத்தின் அளவை நாங்கள்தான் சொல்ல வேண்டும். 255.255.255.0 என்று சேர்த்தோம். இப்போது பதிவில் டிஸ்கவர், ஒஃபர் என்று வந்தது. கை தட்டினோம்.

முக்கோணம் போகவில்லை. பதிவைத் திரும்பப் பார்த்தோம். டிஸ்கவர், ஒஃபர். டிஸ்கவர், ஒஃபர். டிஸ்கவர், ஒஃபர். மூன்றாவது பேச்சு வரவே இல்லை. கேட்கிறவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், கொடுக்கிறவன் கொடுத்துக்கொண்டே இருக்கிறான், யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

அதே நேரம் கீழே மேசைக்கு ஒரு அம்மா வந்தார். எங்களுக்கு அவரைத் தெரியும். ஒன்றரை மாதத்துக்கு முன்னர் பேத்தியின் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக விழுந்திருக்கிறது என்று வந்தவர். பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டும், சாதாரணதரப் பரீட்சை வருகிறது. ஒரு அரச அலுவலகத்துக்கு நாங்கள்தான் கடிதம் எழுதிக் கொடுத்தோம். அழகான தமிழில். "அம்மா, தமிழில் எழுதுவது உங்கள் உரிமை" என்று ஒரு சின்னப் பிரசங்கமும் வைத்தோம். அது பொய்யில்லை. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த நாட்டில், 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரசகரும மொழி. கொழும்பில் இருந்து தமிழில் எழுதுகிறவருக்குத் தமிழிலேயே பதில் பெறுகிற உரித்து அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையில் இருக்கிறது. அம்மா கடிதத்தை வாங்கி, நெஞ்சில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது பையில் இருந்து ஒரு உறையை எடுத்தார். அந்தோனியார் படத்துக்குப் பின்னால் மூன்று கிழமையாக வைத்திருந்தாராம். "இது வந்திச்சு தம்பி. என்னா எழுதி இருக்குன்னு வெளங்கல. நல்ல செய்தியா தான் இருக்கும்னு வச்சிருந்தேன்."

பதில் சிங்களத்தில் இருந்தது. அம்மாவுக்குச் சிங்களம் பேசத் தெரியும். மீன் வாங்க, பஸ்ஸில் சண்டை பிடிக்க, பக்கத்து வீட்டுக்காரியோடு சிரிக்க, எல்லாம் சிங்களத்தில் முடியும். வாசிக்கத் தெரியாது. கொச்சிக்கடையில் இப்படி எத்தனையோ பேர். எங்களில் வாசிக்கத் தெரிந்த ஒருத்தி வாசித்தாள். பாடசாலைப் பதிவின் பிரதியோடும் பெற்றோரின் சான்றிதழ்களோடும் குறிப்பிட்ட திகதிக்கு முன்னர் வரும்படி இருந்தது. அந்தத் திகதி போய் நாலு நாள்.

அவள் அதைச் சொன்னபோது அம்மா எங்களைக் கோபிக்கவில்லை. "அப்ப திரும்ப எழுதணுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். கோபித்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

*

கடிதம் வாசித்தவள் அதற்குப் பிறகு மேலே வந்தாள். நாங்கள் டிஸ்கவர், ஒஃபர் என்று திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். விஷயத்தைச் சொன்னோம். அவள் நெட்வேர்க் படித்தவள் இல்லை, கணக்கியல். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணத்து வாயால் கேட்டாள்: "கேக்கிறது போய்ச் சேருது. பதிலும் எழுதுப்படுது. அப்ப பதில் எந்த வழியால வருது எண்டு பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை.

சேவரில் பக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தோம். ஒஃபர் 192.168.20.1க்குத்தான் புறப்படுகிறது. கியாடர் கட்டத்தில் ரிலே எழுதியதைச் சேவர் ஒழுங்காக வாசித்திருக்கிறது. ஆனால் அந்தப் பக்கெட்டின் மேலே ஒட்டியிருந்த மக் முகவரி சுவிட்சினுடையது இல்லை, இணைய ரவுட்டருடையது.

ஒரு நிமிடத்தில் எல்லாம் விளங்கியது. எங்கள் சேவருக்கு 20 என்று ஒரு தோட்டம் இருக்கிறது என்பதே தெரியாது. தன் தோட்டத்தில் இல்லாத எதையும் இணைய ரவுட்டரிடம் கொடுத்துவிடு என்றுதான் பழைய காலத்தில் எழுதி வைத்திருந்தோம். ரவுட்டருக்கும் 20ஆம் தோட்டம் தெரியாது. தெரியாததை வெளிப்பக்கம் தள்ளிவிடுவது அதன் பழக்கம். எங்கள் பிள்ளைகளின் முகவரிகள் எல்லாம் காலையில் இருந்து தெருவுக்குப் போய்க் காணாமல் போய்க்கொண்டிருந்தன. சேவரில் இருந்து 192.168.20.1ஐ 'பிங்' பண்ணிப் பார்த்தோம். பதில் இல்லை. இந்த ஒரு சோதனையை வெள்ளி இரவே செய்திருந்தால் எல்லோரும் நேரத்துக்கு நித்திரை கொண்டிருக்கலாம்.

தீர்வு ஒரு வரி. சேவரின் வெளிவாசலை ரவுட்டரில் இருந்து சுவிட்சுக்கு, அதாவது 192.168.10.1க்கு மாற்றினோம். சுவிட்சுக்கு எல்லாத் தோட்டமும் தெரியும். இணையத்துக்குப் போக வேண்டியதை அது ரவுட்டரிடம் கொடுக்கும். அடுத்த கத்தலுக்கு நாலு பேச்சும் ஒழுங்காக விழுந்தன. முன்வரிசைப் பையனின் கம்ப்யூட்டருக்கு 192.168.20.51 கிடைத்தது.

ஆனால் கூகிள் திறக்கவில்லை. இந்த முறை யாரும் தலையைச் சொறியவில்லை. நாலைந்து பேர் ஒரே நேரத்தில், "ரவுட்டருக்குத் திரும்பி வாற வழி தெரியாது!" என்றோம். வகுப்பில் இருந்து புறப்படுகிற வேண்டுகோள் இணையத்துக்குப் போகிறது, பதிலும் ரவுட்டர் வரைக்கும் வந்து சேருகிறது, ஆனால் அந்த ரவுட்டருக்கு 20ஐத் தெரியாது. 20, 30, 40 மூன்றுக்கும் சுவிட்ச் வழியாகப் பாதை என்று ரவுட்டரில் எழுதினோம். பதினொன்றரைக்கு முக்கோணங்கள் போயின. காவலாளி அங்கிள் பிளேன்டீயும் மாலு பணிஸும் வாங்கி வந்து, "இப்ப தான் பறக்குதா?" என்று கேட்டார்.

*

அன்று பின்னேரம் கீழே மேசையில் இருந்து பேசியது இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

எங்களுக்கு எப்போதும் அனுப்புவதில்தான் கண். கடிதத்தை எழுதி, கையெழுத்து வாங்கி, முத்திரை ஒட்டினால் வேலை முடிந்தது. மகஜர் கொடுத்துப் படம் எடுத்தால் முடிந்தது. அனுப்பியது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தும் இருக்கலாம். அங்கே யாரோ பதிலும் எழுதியிருக்கலாம். அந்த அலுவலகம் தமிழில் பதில் தந்திருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை, அதைக் கேட்பதை விடப்போவதும் இல்லை. ஆனால் அம்மாவின் விஷயத்தில் பிழை அந்த அலுவலகத்தில் மட்டும் இல்லை. அம்மாவுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் சந்தியில் நின்றவர்கள் நாங்கள். ரிலே செய்கிற அந்தச் சின்ன வேலையை நாங்கள் செய்யவில்லை. எங்கள் முகவரியை எழுதவில்லை. "என்ன பதில் வந்தாலும் உடனே இங்கே கொண்டு வாங்கோ" என்று சொல்லவில்லை. ஒரு ஃபோன் இலக்கம்கூடக் கொடுக்கவில்லை. யாருக்கு எப்போது என்ன கடிதம் எழுதினோம் என்று ஒரு கொப்பிகூட இல்லை. சேவருக்குப் பதிவு வேண்டும் என்று அடம்பிடித்த அதே ஆட்கள்.

இப்போது மேசையில் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. திகதி, பெயர், எங்கே எழுதினோம், பதில் வந்ததா. எழுதுகிற எல்லாக் கடிதத்தின் அடியிலும் பதிலைத் தமிழில் தரும்படி உறுப்புரை இலக்கத்தோடு ஒரு வரி. எழுதி மூன்று கிழமையில் பதில் வராவிட்டால் நாங்களே வீட்டுக்குப் போய்க் கேட்கிறோம். முதல் தடவை அப்படிப் போனபோது, ஒரு வீட்டில் மின்சாரப் பட்டியலோடு சேர்த்து மடித்து வைத்திருந்த இரண்டு பதில்கள் கிடைத்தன.

அம்மாவுக்குத் திரும்ப எழுதினோம். இந்த முறை எங்களில் இருவர் கூடவே போனார்கள். மறுபடி வரிசை, அம்மாவுக்கு மறுபடி ஒரு நாள் கூலி போனது. திருத்திய சான்றிதழ் பரீட்சைக்கு முன்னர் வந்துவிட்டது. வந்ததும் அந்தோனியார் படத்துக்குப் பின்னால் வைக்காமல் நேராக மேசைக்குக் கொண்டுவந்தார்.

இன்னுமொன்றையும் சொல்ல வேண்டும். டிஎச்சிபியில் முகவரி குத்தகைக்குத்தான் கிடைக்கிறது. குத்தகைக் காலத்தில் பாதி முடிந்ததும் கம்ப்யூட்டர் அதைப் புதுப்பிக்கக் கேட்கும். அப்போது அது கத்துவதில்லை, ரிலேயைத் தேடுவதும் இல்லை. தனக்கென்று ஒரு முகவரி இருக்கிறபடியால் சேவரிடம் நேராகவே பேசுகிறது. நடுவில் நிற்கிற ஆள் தொடக்கத்துக்குத்தான். எங்கள் மேசையும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அம்மாவின் பேத்தி இப்போது சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்து ஒரு மணித்தியாலம் கீழே இருந்து சிங்களம் எழுத்துக்கூட்டிப் பழகுகிறாள். அடுத்த உறையை அவளே வீட்டில் பிரித்து வாசித்துவிட்டால் எங்களுக்கு ஒரு வேலை குறையும்.

கடைசியாக, இதே வேலையை வேறெங்காவது செய்யப் போகிறவர்களுக்கு. ஹெல்ப்பர்-அட்ரெஸ் கேட்கிறவரின் பக்கத்து வாசலில் இருக்கிறதா என்று பாருங்கள். சேவரில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் முகவரி வரிசையும் மாஸ்க்கும் இருக்கிறதா என்று பாருங்கள். சேவரில் இருந்து ஒவ்வொரு வாசல் முகவரியையும் பிங் பண்ணுங்கள். ரவுட்டருக்கு எல்லாத் தோட்டமும் தெரியுமா என்று பாருங்கள். எல்லாம் சரி வந்த பிறகு டிஎச்சிபி ஸ்னூப்பிங்கைப் போட்டு, சேவர் இருக்கிற போர்ட்டை மட்டும் நம்பும்படி சொல்லுங்கள். அப்போது யாரும் வீட்டு ரவுட்டரைச் சொருகி ஊரைக் குழப்ப முடியாது. சோதிக்கும்போது சேவர் இருக்கிற தோட்டத்தில் சோதிக்காதீர்கள். மிகத் தூரத்துத் தோட்டத்துக்குப் போய், அங்கே இருக்கிற கடைசிக் கம்ப்யூட்டரைப் போட்டுப் பாருங்கள்.

சுவிட்ச் பெட்டியின் கதவில் யாரோ மார்க்கரால் எழுதி ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள்: "திரும்பி வாற வழி இருக்கா?" யார் எழுதியது என்று கேட்டால் யாரும் சொல்கிறார்கள் இல்லை. எழுத்தைப் பார்த்தால் முன்வரிசைப் பையன் மாதிரித்தான் இருக்கிறது.